சும்மா விட்டது

வெள்ளிக்கிழமை காலையில் வயிற்றைத் திறந்து பார்க்கப் போகிறோம், அதுவரை வீட்டில் அடங்கிப் படுத்திருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தராசுக்காரர் ஏணியின் ஆறாவது படியில் நின்றுகொண்டிருந்தார்.

ஏணி பின்தெருவில் இருந்த ஒரு விதவையின் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. நான்கு நாளாக விடாத தூறல். கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக்குழாய் அடைத்துக்கொண்டதென்று அந்த அம்மாள் ஞாயிறன்று ஆலய வாசலில் வேறு யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. விழுந்தால் போதும். பிறகு அது அவருடைய குழாய்.

தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலைக்குக் குடையோடு கிளம்பிய அவர் மனைவி, தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். முதலில் ஏணியைத்தான் அடையாளம் தெரிந்தது.

"என்னங்க! எறங்குங்க மொதல்ல."

"இதோ, ரெண்டே ஆணி."

"அந்த ரெண்டு ஆணி இல்லேன்னா ஊரு மூழ்கிடாது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"படுக்கச் சொன்னாரு."

"ஏணியிலயா?"

அவர் வாயிலிருந்த ஆணியில் ஒன்றை எடுத்து அடித்தார். வயிற்றின் வலப்பக்கம் சுருக்கென்று இழுத்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவிக்குத் தெரியாமலா போகும்? அவள் குடையை மடக்கிவிட்டு, நனைந்துகொண்டே ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று வேலைக்குப் பத்து நிமிடம் தாமதம்.

அறுபத்தொரு வயதில் மனிதர் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் நிறையத் தராசுக் கோல்கள், தட்டுகள், வில்கம்பிகள். மேசைக்கடியில் எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டி. மின்தராசு வந்தபோது அதையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டார். இறைச்சிக்கடை, காய்கறிக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் எடை நேராக நின்றது அவர் கையால்தான். தொழில் போக மிச்ச நேரமெல்லாம் சபைக்கும் ஊருக்கும். சவப்பெட்டி தூக்க ஒரு தோள் குறைந்தால் இவர் தோள். காய்ச்சலில் கிடப்பவருக்கு மருந்து வாங்கவும், கீல் கழன்ற கதவை மாட்டவும், ஆலயத்தின் பெஞ்சுக்குப் பூச்சு அடிக்கவும் இவரே. "உங்களுக்குப் பரலோகத்துல முன்வரிசை இடம்" என்று சபையார் கேலியாகவும் நிஜமாகவும் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவருக்குக் கழுத்துக் காலரில் யாரோ விரல் விட்டு இழுத்த மாதிரி இருக்கும். ஏனென்றால் அந்த முன்வரிசைக்காரர் இத்தனை வருடமாக எதைத் தீர்க்க ஓடிக்கொண்டிருக்கிறார் என்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது. மனைவிக்கும் தெரியாது.

முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய சங்கதி. ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு பருத்திக் கிடங்கு இருந்தது. பெண்கள் பகலெல்லாம் பருத்தி எடுத்து, சாயங்காலம் மூட்டையை அங்கே நிறுத்துப் போடுவார்கள். எடைக்குத்தான் கூலி. தரையோடு தரையாகப் பலகை வைத்த பெரிய தராசு. மேலே ஒரு கோல், கோலில் நகரும் இரும்புக் குண்டு. கிடங்கு மேலாளர் இளம் தராசுக்காரரைக் கூப்பிட்டு, எல்லாக் கிடங்கின் வேலையும் இனி உனக்குத்தான் என்றார். பதிலுக்கு ஒரு சின்ன வேலை சொன்னார். தராசுக்காரர் குண்டில் துளை போட்டு ஈயம் ஊற்றி அடைத்தார். அதற்கேற்ப வெறுந்தராசை நேராக்கும் திருகாணியையும் திருகி வைத்தார். இப்போது பலகை காலியாக இருந்தால் கோல் நேராக நிற்கும். பாரம் ஏறினால்தான் பொய் சொல்லும், ஐம்பது கிலோவுக்கு இரண்டு கிலோ குறைத்து.

அந்தப் பொய்யை ஒரே ஒருத்தி கண்டுபிடித்தாள். இடுப்பில் தூக்கியே மூட்டையின் எடை சொல்லக்கூடியவள். தராசு பொய் சொல்கிறது என்று அவள் சத்தம் போட, மேலாளர் சோதித்துப் பார்க்கத் தராசுக்காரரையே வரவழைத்தார். நாற்பது பெண்கள் சுற்றி நின்றார்கள். அவர் பலகையில் கல்லை வைத்தார், கோலைப் பார்த்தார், "தராசு சரி" என்றார். இரண்டே வார்த்தை. அவளைப் பொய்க்காரி, திருடி என்று சொல்லி அன்றைக்கே வெளியே தள்ளினார்கள். வேறு எந்தக் கிடங்கும் அவளைச் சேர்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு புயலில் அவள் வீட்டுக் கூரை பறந்தது. தராசுக்காரர் ஒரு பை ஆணியோடு போய் நின்றார். அன்று தொடங்கியது இருபத்தெட்டு வருடமாக நிற்கவில்லை. அவள் வீட்டில் தொடங்கி ஊர் முழுக்கப் பரவியது.

இப்போது வெள்ளிக்கிழமை வருகிறது. இன்னும் எவ்வளவு செய்தால் தீரும்?

செவ்வாய்க்கிழமை மாலை போதகர் ஜெபிக்க வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல மனிதர், நல்ல குரல். மேடையில் நின்றால் கிருபையைப் பற்றி முக்கால் மணி நேரம் தங்குதடையின்றிப் பேசுவார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஏனோ பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

"உங்களுக்கு என்னய்யா பயம்? நீங்க தூக்கின சவப்பெட்டியே அம்பதுக்கு மேல இருக்கும். மழைன்னு பாத்தீங்களா, வெயில்னு பாத்தீங்களா? இவ்வளவு செஞ்சவரை ஆண்டவர் கைவிடுவாரா?"

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஒரு தட்டுல அதையெல்லாம் வைக்கிறோம். இன்னொரு தட்டுல ஒண்ணே ஒண்ணு. எது எறங்கும்?"

போதகர் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார். "தொழில் புத்தி போகுதா பாருங்க! உங்ககிட்ட அப்படி என்ன ஒண்ணு இருக்கப் போகுது? கோபத்துல யாரையாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்க."

"ரெண்டு வார்த்தை," என்றார் தராசுக்காரர்.

போதகர் அதற்கும் சிரித்தார். பிறகு கண்ணை மூடி, இந்த அடியானின் நற்கிரியைகளை நினைத்தருளும் என்று உருக்கமாக ஜெபித்தார். தராசுக்காரர் கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நினைத்தருளினால் எல்லாவற்றையும் அல்லவா நினைக்க வேண்டும்? போதகர் போனபின் பட்டறையில் ஏற்கெனவே துடைத்த தட்டுகளை மறுபடி துடைத்தார். மனைவி வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பாதி தின்று, மீதியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

புதன்கிழமை மத்தியானம் மனைவி வேலையில் இருந்த நேரம், அவர் அந்தப் பருத்திக் கிடங்குப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். நான்கு தெரு தள்ளி, வாய்க்காலை ஒட்டிய ஒற்றை அறை வீடு. அந்தப் பெண்ணுக்கு இப்போது எழுபது. சட்டைத் தொழிற்சாலையிலிருந்து கட்டுக்கட்டாக வரும் சட்டைகளுக்குப் பித்தான் தைக்கிறாள். ஊரில் அவளுக்குப் பித்தானம்மா என்றே பெயர். ஜன்னலோரம் நாற்காலி, மடியில் சட்டை, காலடியில் பித்தான் டப்பா. அறைக்குக் குறுக்கே கட்டிய கொடியில் மூன்று நாளாகக் காயாத துணி.

"என்ன தம்பி, வெள்ளிக்கிழமை அறுக்கப் போறாங்களாமே?"

"ஆமாக்கா."

"அப்போ இங்க என்ன வேலை உனக்கு?"

அவர் கண் அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டது. "இது சரியா சாத்த மாட்டேங்குதே."

"மழைக்கு மரம் உப்பியிருக்கு. வெயில் வந்தா தானா சாத்தும். உக்காரு."

உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்தார். எழுந்து கொடித் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"சொல்ல வந்ததைச் சொல்லு தம்பி. துணி காயல, எனக்குத் தெரியும்."

"அக்கா, பருத்திக் கிடங்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா?"

"அந்தக் குண்டுல ஈயம் ஊத்தினது நான்தான்." ஒரே மூச்சில் சொன்னார். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரியும். "நான்தான் ஊத்தினேன். அப்புறம் நாப்பது பேரு முன்னாடி தராசு சரின்னு சொன்னதும் நான்தான். உங்க மூட்டை நீங்க சொன்ன எடைதான் இருந்துச்சு. நீங்க திருடி இல்ல. பொய் சொன்னவன் நான்."

பித்தானம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீதான்னு தெரியும். நீ கல்லுப் பெட்டியைத் தெறக்கறப்போ பக்கத்துல நின்னது நான். உள்ள இருபது கிலோக் கல்லு ரெண்டு இருந்துச்சு. மூட்டை நிறுக்கற தராசைச் சோதிக்க வந்தவன், பெரிய கல்லைத்தானே வச்சுப் பாப்பான்? நீ இருபது கிலோவைத் தொட்டே. தொட்டுட்டு விட்டுட்டு, அஞ்சு கிலோவை எடுத்து வச்சே. அஞ்சு கிலோவுல அந்தக் கோல்ல வித்தியாசம் தெரியுமா? அப்பவே புரிஞ்சு போச்சு. சொன்னா யார் கேக்கப் போறா?"

தராசுக்காரர் தன் வலது கையைப் பார்த்தார். தொட்டுவிட்டு விட்டது அவருக்கே மறந்துபோயிருந்தது. இப்போது அந்த இரும்பின் குளிர்ச்சி விரலில் ஏறியது.

"அன்னிக்கு வாசல்ல நின்னு கத்தினீங்களே அக்கா. இதுக்குக் காரணமானவனைக் கடவுள் சும்மா விட மாட்டாருன்னு."

"கத்தினேன். கத்தாம? ரெண்டு வருஷம் மனசுக்குள்ள தெனமும் கத்தினேன். அப்புறம் விட்டுட்டேன்."

"எப்போ? நான் கூரை போட்டதுக்கப்புறமா?"

"அதுக்கு ஒரு வருஷம் முந்தி."

"அப்போ நான் ஒண்ணுமே செஞ்சிருக்கலையே. ஏன் விட்டீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"சும்மாதான் விட்டேன்." அவள் அடுத்த பித்தானை எடுத்தாள். எடுத்தவள் தைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள். "அந்த ரெண்டு வருஷம் நான் எம்புள்ளைங்களை அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும். உம்மேல இருந்த ஆத்திரத்தையெல்லாம் அதுங்க முதுகுல எறக்கினேன். ஒருநாள் சின்னவ, நான் கையைத் தூக்கறதுக்கு முன்னாடியே மூலையில போய் ஒண்டிக்கிட்டா. அதைப் பாத்து எனக்கே என்மேல பயம் வந்துது. ஆண்டவரே, என்னை மன்னிச்சு விட்டுடும்னு கேட்டேன். கேக்கறப்போ குடுக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருந்துச்சு? அடிச்ச கை மட்டும்தான் இருந்துச்சு. அவரு விட்டாரு. எனக்குத் தெரிஞ்சுது, விட்டுட்டாருன்னு. நான் வாங்கினதே சும்மா. உனக்கு மட்டும் வெலை வச்சா நல்லாவா இருக்கும்?"

இந்த இடத்தில் தராசுக்காரர் அழுதார், காலில் விழுந்தார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அவருக்கோ பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"இருபத்தெட்டு வருஷம்!" எழுந்து நின்றார். "ரெண்டு தடவை கூரை மாத்தியிருக்கேன். கதவு, அடுப்புக் குழாய், தண்ணித் தொட்டி! முதுகு ஒடிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவை சொல்ல வந்தேன். பேச்சை எடுத்தாலே நீ சுத்தியலைத் தூக்கிட்டு ஏணியில ஏறிடுவே."

"அப்போ நான் செஞ்சதெல்லாம் வீணா?"

"வீணுன்னு யார் சொன்னா? மழை உள்ள வரலியே. நல்லா இருந்தேன். அதுக்காக உன்னை விட்டேன்னு மட்டும் நெனைக்காதே. அது வேற, இது வேற."

"என்னை முட்டாளாக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவர் தூறலில் இறங்கி நடந்தார்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஊரைக் கூட்டியிருந்தால், தலையைக் குனிந்து நின்று, இத்தனை வருடம் சுமந்ததை இறக்கியிருப்பார். அவர் சுமக்கத் தொடங்கும் முன்பே ஒருத்தி அதை இறக்கி வைத்துவிட்டு, பித்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்று அவர் வாய்க்கால் பாலத்தில் நின்று சத்தமாகவே கேட்டார். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். ஈயம், குண்டு, இரண்டு வார்த்தை, இருபத்தெட்டு வருடம். தபால் பிரிக்கிற கை. எந்தக் கடிதம் எந்தப் பெட்டிக்குள் போகவேண்டும் என்று சட்டென்று தெரியும். இதை எங்கே போடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நம்ம பொண்ணுக்கு நாலு வயசுல காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துச்சே," என்றாள் கடைசியில். "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் மேசையிலிருந்த தட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"அந்தம்மா வீட்டுல தண்ணித் தொட்டி வச்சுட்டிருந்தீங்க. நான் தனியா புள்ளையைத் தூக்கிட்டு ஓடினேன். ஒரு நல்ல மனுஷனுக்குப் பொண்டாட்டியா இருந்தா இப்படித்தான் இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லீங்க, ஆயுசு பூரா தேத்திக்கிட்டேன். நீங்க நல்லவரா இருந்ததெல்லாம் பயந்துக்கிட்டா?"

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

வியாழக்கிழமை தராசுக்காரர் விடியும்போதே எழுந்துவிட்டார். அவள் வேலைக்குப் போனதும் சமையலறைத் தரையைத் தேய்த்தார். அலமாரிக் கதவுக்கு எண்ணெய் விட்டார். அவளுடைய இரண்டு ஜோடிச் செருப்பையும் பளபளவென்று துடைத்து வைத்தார். பிறகு உருளைக்கிழங்கின் தோலைச் சீவ உட்கார்ந்தார். வயிறு பிடித்து இழுத்தது, விடவில்லை. மத்தியானம் அவள் அரைநாள் விடுப்பில் திரும்பி வந்தபோது பெரிய பாத்திரம் நிறைந்து கிடந்தது.

"இது யாருக்கு? ஊருக்கா?"

"உனக்குத்தான்."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். "இப்போ எனக்குக் கூரை போட ஆரம்பிச்சுட்டீங்களா?"

கத்தி அவர் கையில் நின்றது.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் போகணும். அதுக்குள்ள எனக்கு என்னத்தைச் செஞ்சு தீக்கப் போறீங்க?" என்று கேட்டபடி அவள் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். குரலில் சூடு இல்லை, களைப்புதான் இருந்தது. அவர் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு ஏதாவது அகப்படுமா என்று கண் அறையைச் சுற்றி வந்தது. எதுவும் போதாது. பத்து வருடம் கிடைத்தாலும் போதாது. அது அவருக்கு அந்த நிமிடம் உறைத்தது.

"ஒண்ணும் முடியாது," என்றார். "செஞ்சு தீராது. எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. மன்னிச்சுடு."

அவள் வெகுநேரம் குழாயடியில் உருளைக்கிழங்கைக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் அந்தம்மா இல்லீங்க. அவங்களுக்கே ரெண்டு வருஷம் ஆயிருக்கு. எனக்குக் கோவம் அப்படியேதான் இருக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். எங்க போறது? உருளைக்கிழங்கு இவ்வளவு கெடக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. மாலையில் அவள் பிசைந்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்து, எதிரே உட்கார்ந்து தானும் தின்றாள். அவர் தட்டைக் கழுவ எழுந்தார். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், மோதிரத்தையும் பல்செட்டையும் வாங்கிக்கொண்டார்கள். முதுகில் நாடா கட்டிய ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். எல்லாம் போனபின் மனிதர் பாதியாகத் தெரிந்தார். மனைவி மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். தள்ளுவண்டியோடு இரண்டு ஊழியர்கள் வந்து, வண்டியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார்கள். ஒருவன் தோளடியிலும் மற்றவன் காலடியிலும் விரிப்பைச் சுருட்டிப் பிடித்தான். இவர் உடனே கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பினார்.

"ஐயா, கம்பியை விடுங்க."

"இல்லப்பா, நான் கனம். கொஞ்சம் நானும் தூக்கிக்கிறேன்."

"நீங்க தூக்கினா எங்களுக்குப் பிடி நழுவும். ஒண்ணுமே செய்யாதீங்க. கையை விடுங்க."

அவர் விடவில்லை. விரல்கள் கம்பியில் வெளுத்திருந்தன. ஊழியன் மனைவியைப் பார்த்தான்.

"அவருக்கு அது வராதுப்பா," என்றாள் அவள். சொல்லிவிட்டு அவர் முகத்தருகே குனிந்தாள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அவள் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. கோபம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"விடுங்க," என்றாள்.

பயம் அப்படியே இருந்தது. ஆனாலும் கையை விட்டார். முழு எடையும் விரிப்பில் இறங்கியது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள்.